நான் சிபாரிசு செய்த பத்து துப்பறியும் நாவல்கள்

"சார், நல்ல கிரைம் நாவலா ஒரு பத்து சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. வாசகர் வட்டத்து வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார். கேட்ட அரை மணி நேரத்தில் ஆளாளுக்கு ஒரு பட்டியல். கடைசிப் பக்கம் வரை யூகிக்கவே முடியாதாம். எடுத்தால் கீழே வைக்க மனசு வராதாம். அப்படி என்றால் இவர்கள் பல் விளக்கினார்களா, குளித்தார்களா, யாருக்குத் தெரியும்? பட்டியல் போட்டவர்களில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொருவர் போட்ட பட்டியலை எடுத்து ஒட்டிவிட்டு, 'என் மனதுக்கு நெருக்கமானவை' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள்.

இதைப் பேச எனக்குத் தகுதி உண்டு. முப்பது வருஷமாகக் கொலையும் கொள்ளையுமாகத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். பிழைப்புக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குடியிருப்பு விருதுநகரில், சூலக்கரைக்குப் போகிற வழியில். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் இரண்டு பஸ் மாறி வர வேண்டும். வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு, கண்டக்டரோடு சில்லறைக்கு மல்லுக்கட்டுகிற ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஏதோ ஒரு பங்களாவில் எவனோ விஷம் வைத்த கதையைப் படித்துக்கொண்டு போவேன். பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கி என் தோளில் விழுந்தாலும் தெரியாது.

என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீக்காய வார்டு. அவளுக்கு என் புத்தகங்களைக் கண்டாலே ஆகாது. "செத்தவன எம்புட்டு நேரம் வேணாலும் பாத்துக்கிட்டு இருப்பீக. சாகக் கெடக்கிறவன ஒரு நிமிசம் வந்து பாக்க மாட்டீக" என்பாள். உனக்கு இலக்கியம் தெரியாது என்று நானும் ஒரு சிரிப்பு சிரித்து வைப்பேன்.

வாசித்தவற்றில் தொண்ணூறு சதவீதம் குப்பை. அதிலும் எங்கள் ஊரைக் களமாக வைத்து எழுதியவை இருக்கின்றனவே, மகா கண்றாவி. ஒன்றில் கதாநாயகி பட்டுச்சேலை சரசரக்க, கையில் போனோடு, பட்டாசு மருந்து கலக்கிற அறைக்குள் நுழைகிறாள். வில்லன் உள்ளே சிகரெட்டோடு காத்திருக்கிறான்! நைலான் சேலை கட்டி வந்தாலே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற இடம் அது. உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்க, வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே காலே வைக்க வேண்டும். இன்னொன்றில் பட்டாசுக் கம்பெனிக்குள் வெடிகுண்டை ஒளித்துவைக்கிறார்கள். அட வெங்காயமே, பட்டாசுக் கம்பெனிக்குள் போய் எதற்கப்பா வெடிகுண்டு? மூன்றாவது ஒன்றில், அறைக்குள் பதிந்திருந்த பூட்ஸ் தடத்தை அளந்து சென்னைத் துப்பறிவாளர் கொலைகாரனைப் பிடிக்கிறார். அந்த அறைகளுக்குள் முதலாளியே வந்தாலும் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் நுழைவார். இதுகூடத் தெரியாதவர் எழுதிய புத்தகத்துக்கு நாலு பதிப்பு.

இப்படி எல்லாவற்றிலும் நொட்டை சொல்கிறவனைத்தான் வாசகர் வட்டத்துக்காரர்கள் பிடித்தார்கள். 'கட்டாயம் வாசிக்க வேண்டிய பத்து துப்பறியும் நாவல்கள்' என்று ஒரு மணி நேரம் பேச வேண்டும். அடேயப்பா, எனக்கு வந்த பெருமை! ஒரு மாதம் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். எந்த நாவலில் எந்தப் பக்கத்தில் துப்பு கிடக்கிறது, சாட்சி எந்த வரியில் உளறுகிறான் என்று பேனாவால் கோடு போட்டு வைத்தேன். பட்டியலை ஐம்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம்.

கூட்டத்தன்று காலையில் பதினொரு மணி இருக்கும். வகுப்பு ஜன்னல்கள் ஒரு ஆட்டம் ஆடி நின்றன. ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நாம் ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "ரூம்பு போயிருச்சு சார்" என்றான் ஒருவன். யார் யார் அம்மா எந்தக் கம்பெனி என்று அதுகளே விசாரித்துக்கொண்டன. பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில், குத்தகைக்கு விட்டிருந்த ஒரு அறை வெடித்திருந்தது. ஒரு பெண் இறந்துபோனாள். இருபத்திரண்டு வயது. அந்த அறையின் போர்மேனுக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. இன்னும் இரண்டு பேருக்குச் சின்னக் காயம்.

மதியம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். சம்பவம் நடந்த இடத்தைப் பார்த்து என்னென்ன கிடக்கிறது என்று போலீஸ் எழுதுகிற மகஜரில் கையெழுத்துப் போட, உள்ளூரில் இரண்டு மரியாதைப்பட்ட ஆட்கள் வேண்டுமாம். கிராம உதவியாளர் ஒருவர் ஏற்கெனவே போய்விட்டார். "நீங்க போயிட்டு வந்துருங்க சார், ஒரு கையெழுத்துதான்" என்றார். மரியாதைப்பட்ட ஆள் போனேன்.

கூரை இல்லை. ஒரு பக்கச் சுவர் மட்டும் நின்றது. அதில் 'ஆட்கள் 4' என்று விதிப்படி எழுதியிருந்த எழுத்து பாதி தெரிந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு வேப்ப மரம், அதன் அடியில் தண்ணீர் டிரம். டிரம்மை ஒட்டிச் செருப்புகள் கிடந்தன. அங்கே நிற்கும்போது எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஒரு பெண் காலையில் கழற்றிப் போட்ட செருப்பு இதில் எது என்று தோன்றியிருக்கலாம். எனக்குத் தோன்றியது, எண்ணலாமே என்பது. எண்ணினேன். பதினொரு ஜோடி. வார் அறுந்து ஊக்கு குத்தியது ஒன்று, ஆண் செருப்பு ஒன்று, மீதி பெண்களுடையவை. நாலு பேர் உட்கார வேண்டிய அறைக்குப் பதினொரு ஜோடி. அப்படியானால் ஏழு பேர் வெறுங்காலோடு ஓடியிருக்கிறார்கள். போலீஸ் வருமுன் அவர்களை ஏதோ வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், ஆனால் செருப்பை மறந்துவிட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வெட்கக்கேடு, அந்தப் புகை நாற்றத்தில் நின்றுகொண்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சார், இங்கன ஒரு கையெழுத்து" என்று ஒரு போலீஸ்காரர் பைக் சீட்டின் மேல் காகிதத்தை வைத்து நீட்டினார். இரண்டு தாள், நெருக்கமான கையெழுத்து. நாலு மணி பஸ்ஸை விட்டால் ஆறு மணிக் கூட்டத்துக்குப் போய்ச் சேர முடியாது. போட்டேன். பெயருக்குக் கீழே 'கணித ஆசிரியர்' என்றும் எழுதி ஒரு கோடு இழுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி வாசிக்கவில்லை. நாவலில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் ஓரத்தில் குறித்துவைக்கிற பெரிய மனுஷன் நான்.

கூட்டம் பிரமாதமாக நடந்தது. துப்பறியும் நாவலை எப்படி வாசிப்பது என்று விளக்கும்போது, உதாரணமாக அந்தச் செருப்புகளைச் சொன்னேன். "எல்லோரும் இடிந்த சுவரைப் பார்த்தார்கள், நான் மரத்தடியைப் பார்த்தேன்" என்று நிறுத்தி, தண்ணீர் குடித்து, மீதியைச் சொன்னேன். கைதட்டினார்கள். மடையர்கள். ஒருத்தராவது எழுந்து, "செத்தது யாருங்க?" என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடமும் அதே கதையை அளந்தேன். அவள் சோற்றில் கையை வைத்தபடி கேட்டாள்: "போலீசுட்ட சொன்னீகளா?"

"அவங்களுக்குக் கண்ணு இல்லையா? அவங்க எழுதியிருப்பாங்க."

"என்ன எழுதிருக்குன்னு பாத்தீகளா?"

"ஏய், சும்மா தொணதொணங்காத" என்று எழுந்துவிட்டேன்.

அந்த போர்மேன் அவளுடைய வார்டில்தான் கிடந்தான். அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். சீசன் ஆர்டருக்காக அந்த வாரம் மட்டும் ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து ஏழு பெண்களைக் குத்தகைக்காரர் வேனில் கொண்டுவந்து இறக்கினார். நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்று இவன் சொல்லியிருக்கிறான். "சீசன் நேரத்துல சட்டம் பேசாதலே" என்று அவர் போய்விட்டார். வெடித்தபோது அத்தனை பேரும் வாசலில் முட்டிக்கொண்டார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான் கடைசி. அவளை இழுக்கப் போய்த்தான் இவன் கை வெந்தது.

வழக்கில் இவன்தான் முதல் குற்றவாளி. அஜாக்கிரதையாக மருந்தைக் கையாண்டு ஓர் உயிர் போகக் காரணமானவன். குத்தகைக்காரரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. இறந்த பெண்ணின் வீடு இவன் தெருவில், நாலு வீடு தள்ளி. பதினோரு பேர் இருந்தோம் என்று இவன் சொன்னதை அந்தத் தெருவில் யாரும் நம்பவில்லை, தப்பிக்கப் பேசுகிறான் என்றார்கள். காயம்பட்ட மற்ற இரண்டு பேரும் அதே கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள், அவர்கள் எங்கே வாயைத் திறக்க? வேனில் வந்த ஏழு பேரையும் அதன்பிறகு யாரும் கண்ணால் பார்க்கவில்லை. இறந்தவளின் அம்மா தினமும் காலையில் இவன் வாசலில் வந்து நின்று, "என் பிள்ளையக் கொன்னவன் வீடு இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போவாளாம். தெருக்குழாயில் இவன் மனைவி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொள்வார்களாம்.

இதெல்லாம் எனக்கு அப்போதே என் மனைவி சொன்னதுதான். கேட்டேன். பாவம் என்றேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, போர்மேனின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சூலக்கரை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டு வருகிறாள். வழி சொல்லி அனுப்பியது என் மனைவிதான், சந்தேகமே வேண்டாம். முப்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. பையிலிருந்து கோர்ட்டில் வாங்கிய நகல்களை எடுத்து ஒரு தாளை நீட்டினாள்.

"இத வாசிங்க சார்."

வாசித்தேன். வேப்ப மரத்தடியில் கிடந்தவை: பிளாஸ்டிக் டிரம் ஒன்று, தூக்குவாளி மூன்று, செருப்பு நான்கு ஜோடி. கீழே சாட்சி. கணித ஆசிரியர். கோடு.

அந்த 'நான்கு' என்பதை மறுபடியும் வாசித்தேன்.

"பதினோரு சோடின்னு எண்ணிச் சொன்னீகளாமே. நர்ஸம்மா சொன்னாக" என்றாள். "கோர்ட்டுல வந்து அத மட்டும் சொல்லுங்க சார். அந்தப் புள்ளைக நிசமாவே அங்கன இருந்துச்சுன்னு சொல்ல வேற ஆளு இல்ல. இவுக ஜெயிலுக்குப் போனாக்கூடப் பரவாயில்ல சார். தெருவுல கொலகாரன்னு இருக்க முடியல."

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான்? நான் யோசித்ததெல்லாம் என்னைப் பற்றித்தான். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று ஒரு வாத்தியார் கோர்ட்டில் சொன்னால் நிர்வாகம் என்ன சொல்லும்? ஓய்வு பெற மூன்று வருஷம்தான் இருக்கிறது. "பாப்போம்மா, யோசிப்போம், வக்கீல்ட்ட கேட்டுச் சொல்றேன்" என்று இழுத்தேன். சும்மா அனுப்பவும் மனசில்லை. பன்னிரண்டாவது வரை படித்திருக்கிறேன் என்று அவள் சொன்னதும் ஒரு காரியம் செய்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. அலமாரியிலிருந்து, என் பட்டியலில் முதலில் இருக்கிற நாவலை எடுத்து, "இதைப் படிச்சுப் பாரும்மா, மனசுக்கு ஒரு தெம்பு வரும்" என்று கொடுத்தேன். உள்ளேயிருந்து என் மனைவி தட்டை வைத்த சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தப் பெண் மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த திங்கட்கிழமை, மனுக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தோடு வந்தாள்.

"நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு சார். கோர்ட்டு விசயம்?"

இரண்டாவது நாவலைக் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம் மூன்றாவது. நான் சிபாரிசு செய்த பத்தையும் ஒன்று விடாமல் வாசித்த ஒரே ஆள் உலகத்திலேயே அவள்தான். எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருத்தர்கூட மூன்றைத் தாண்டவில்லை என்று எனக்குத் தெரியும். பத்தாவதைத் திருப்பிக் கொடுக்க வந்த அன்று அவள் பழையபடி கேட்கவில்லை. புத்தகத்தை மேஜையில் வைத்தாள்.

"எல்லாம் படிச்சிட்டேன் சார். ஒண்ணுலயும் எங்க கத இல்ல."

"அதெப்படிம்மா இருக்கும்?"

"அதுல எல்லாரும் கண்டுபிடிக்கத்தான் பாடாப் படுறாக. யாருன்னு தெரியாம முந்நூறு பக்கம் அலையுறாக. எங்களுக்கு யாருன்னு அன்னைக்கே தெரியும். நீங்களும் அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டீக. வாயத் தொறக்கத்தான் ஆளக் காணோம்." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இனிமே புத்தகம் வேணாம் சார்."

அவள் போனதும் என் மனைவி வந்து வாசல்படியில் நின்றாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அந்த ஆளு கை இனிமே மடங்காது. சோறு பெசஞ்சு அந்தப் புள்ளதான் ஊட்டி விடுது. அதுக்கு நடுவுல உக்காந்து நீங்க குடுத்த பத்துப் புத்தகத்தையும் படிச்சிருக்கு. ஏன் படிச்சதுன்னு தெரியுமா உங்களுக்கு? திருப்பிக் குடுக்கிற சாக்குலயாவது உங்க மூஞ்சியப் பாத்துக் கேக்கலாம்னுதான். த்தூ" என்றாள். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே அவர்களுடைய வக்கீலுக்குப் போன் செய்தேன். நல்லவன் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் என்னைக் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். போலீஸ் தரப்புச் சாட்சி நான். அரசு வக்கீல் தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். மகஜர் சாட்சிக்கு அதோடு வேலை முடிந்துவிடுமாம், அவர் உட்காரப் போய்விட்டார். போர்மேனின் வக்கீல் எழுந்தார்.

"மரத்தடியில் எத்தனை ஜோடி செருப்பு பார்த்தீர்கள்?"

"பதினொன்று."

"நான்கு என்றுதானே இதில் இருக்கிறது? ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?"

"வாசிக்கவில்லை."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அரசு வக்கீல் மறுபடியும் எழுந்து, "நீங்க கணக்கு வாத்தியார்தானே?" என்றார். பின்னால் சிரித்தார்கள். துப்பறியும் கதை நிறையப் படிப்பீர்களாமே, அதில் வந்ததைச் சொல்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, பார்த்ததைத்தான் சொல்கிறேன் என்றேன். என்னைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டார், அப்படியே எழுதிக்கொண்டார்கள். பொய்த் தாளில் கையெழுத்துப் போட்ட வரைக்கும் நான் மரியாதைப்பட்ட ஆள். உண்மையைச் சொன்ன அன்றைக்குப் பிறழ் சாட்சி. நல்ல தமாஷ். தீர்ப்பு இன்னும் வரவில்லை, என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

வெளியே வந்தேன். இறந்த பெண்ணின் அம்மா கோர்ட்டுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். தன் பெண்ணைக் கொன்றவனுக்கு என்ன தண்டனை கொடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான் வந்தாளாம். படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்த போர்மேனிடம் நேராகப் போனாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நெசமாவே பதினோரு பேரு உக்காந்திருந்தீகளாய்யா?"

அவன் தலையை ஆட்டினான்.

"அப்ப வாசல் அடச்சுப்போயிருக்கும்ல. எம்புள்ளைக்கு வழியே இருந்திருக்காதுல." அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். அவனும் அழுதான். அழுது முடித்ததும் அவன் தண்ணீர் பாட்டிலை இரண்டு முழங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்தாள். எழுந்து, பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, அவன் வாயில் தண்ணீரை ஊற்றினாள்.

அவன் மனைவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நான், வெட்கம் கெட்டவன், முகத்தைக்கூடச் சரிசெய்து வைத்துக்கொண்டேன்.

"உள்ள எம்புட்டு நேரம் பேசினீக சார்?"

"ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"அஞ்சு நிமிசம்தானா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "ஒன்றர வருசமா இந்த அக்கா எங்க வாசல்ல வந்து நின்னாக சார்."

அவர்கள் மூன்று பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்கள்.